பழைய படங்களில் நம்ம ஊரைத் தேடியபோது: சிலாவத்துறை முதல் மறிச்சுக்கட்டி வரை



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தோம். "உங்கட வீட்டில இருக்கிறதிலயே பழைய போட்டோ எது? அதைக் கொண்டு வாங்க. அதில யார் இருக்கிறாங்க, எங்க எடுத்தது என்று உம்மா வாப்பாட்ட கேட்டு எழுதிட்டு வாங்க." இவ்வளவுதான்.

அடுத்த கிழமை மேசை நிறையப் படங்கள் வந்தன. ஆசையோடு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பேச்சு வரவில்லை. கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் பாயில் இருக்கும் குழந்தை, தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள், தகரக் கூரைக்குக் கீழே நடந்த கல்யாணம். ஏறக்குறைய எல்லாமே புத்தளத்தில் எடுத்தவை. எல்லாமே 1990க்குப் பிந்தியவை. ஒரு பிள்ளை வெறுங்கையோடு வந்து நின்றாள். "சேர், ஊர்ல எடுத்த படம் ஒன்றுமே இல்லையாம். வரக்குள்ள ஒன்றும் எடுத்திட்டு வரல்லையாம்" என்றாள்.

பின்வாங்கில் இருந்த ஒரு மகன் மட்டும் எழும்பி போனை நீட்டினான். "சேர், எங்கட ஊர்ப் படம் இன்டர்நெட்ல இருக்கு. நூறு வருசத்துப் படம்!"

அவன் காட்டியது உங்களுக்கும் தெரிந்த படம்தான். நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது சுற்றும். கடற்கரை முழுக்கக் குடிசைகள், தோணிகள், இடுப்பில் துணி கட்டிய சுழியோடிகள். கீழே ஆங்கிலத்தில் "முத்துக்குளிப்பு, இலங்கை" என்று இருக்கும். அதை வைத்து நாமும் "எங்கள் மூதாதையர்" என்று எழுதிப் பகிர்ந்துவிடுவோம்.

நாங்களும் பகிர்ந்திருக்கிறோம், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு இந்தப் படங்களைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி வாசித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த முத்துக்குளிப்புப் படங்கள்.

நம்ம கரைக்கு முத்தால் வந்த பெயர் பழையது. கொண்டச்சிக் குடா, அரிப்பு, சிலாவத்துறை என்று இடம் மாறி மாறிச் சலாபம் நடந்திருக்கிறது. (முத்துக்குளிப்புக் காலத்தை நம்ம பெரியவர்கள் சலாபம் என்றுதான் சொல்வார்கள்.) கடலுக்குள் சிப்பி விளையும் இடத்துக்குப் பார் என்று பெயர். அவற்றில் பேர்போனது சேவல் பார். இன்று நாம் காணும் பழைய படங்களில் பெரும்பாலானவை ஒரு குறுகிய காலத்துக்கு உரியவை. 1891க்குப் பிறகு பதினொரு வருடம் சலாபமே இல்லை. சிப்பி ஏன் இல்லாமல் போனது என்று ஆராய அரசாங்கம் ஹேர்ட்மன் என்ற கடல் உயிரியல் பேராசிரியரை 1902இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். அவர்களுடைய அறிக்கை லண்டன் ரோயல் சொசைட்டியால் ஐந்து பாகங்களாக வெளியிடப்பட்டது. 1903இல் சலாபம் திரும்பத் தொடங்கி 1907 வரை ஐந்து வருடம் விடாமல் நடந்தது. இடம் மறிச்சுக்கட்டி. கமராக்கள் வந்தது அப்போதுதான். 1908இல் நியூயோர்க்கில் முத்தைப் பற்றி வெளியான பெரிய நூலிலும் நம்ம கரையின் படங்கள் உண்டு.

உச்சம் 1905. அந்த வருடம் 300க்கும் மேற்பட்ட தோணிகளும் சுமார் 5,000 சுழியோடிகளும் இறங்கினார்கள். எடுத்த சிப்பி எட்டுக் கோடிக்கு மேல். அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அந்தக் காலத்து 25 இலட்சம் என்பதை மனதில் வையுங்கள்.

இனி படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வந்தவர்கள் யார் என்று உடம்பே சொல்லும். கழுத்தில் கொம்பாலான சின்னக் கவ்வி ஒன்று தொங்கினால் அவர் அரபுக் கரையிலிருந்து வந்த சுழியோடி. மூக்கை அடைக்க அதைப் பாவிப்பார். நம்ம பக்கத்தாரும் கீழக்கரையிலிருந்து வந்த மரைக்காயர்களும் தமிழ்ச் சுழியோடிகளும் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். காலுக்குக் கீழே கட்டிய கல், சுமார் 15 கிலோவுக்கு மேல் இருக்கும், அதுதான் ஆளைக் கீழே இழுத்துச் செல்லும். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர். சுழியோடியின் உயிர் அவர் கையில்.

இன்னொரு ஆள் உண்டு. கடற்கட்டி. சுறா அண்டாமல் மந்திரம் சொல்லிக் "கடலைக் கட்டுபவர்". அவர் இல்லாவிட்டால் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள் என்று தெரிந்ததால், இந்த மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கை இல்லாத வெள்ளைக்கார அரசாங்கமே அவரை வைத்திருந்தது. தொழில் நடக்க வேண்டுமே!

கரைக்கு வந்ததும் சிப்பி எல்லாம் வேலியடைத்த பெரிய முற்றத்துக்குப் போகும். கொட்டு என்று அதற்குப் பெயர். அங்கே சுழியோடிகள் தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு. ஒன்று கடலுக்குள் மூச்சடக்கியவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கை அந்தியில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். 1906இல் இந்தக் கொட்டைப் பார்த்துக்கொண்ட அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப் என்ற இளைஞர். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபை மணந்தவர். தன் சுயசரிதையில் மறிச்சுக்கட்டி நாட்களை எழுதியிருக்கிறார்.

படத்தில் வராத ஒன்று வாடை. முத்தை எடுக்க வேண்டுமானால் சிப்பியை நாள் கணக்கில் அழுக விட்டு, பிறகு கழுவித் துளாவ வேண்டும். கோடிக்கணக்கான சிப்பி அழுகும் வாடையும் ஈயும் எப்படி இருந்திருக்கும்? "வெள்ளைக்காரன் முத்தைக் கொண்டு போனான், ஈயை நமக்கு விட்டுட்டுப் போனான்" என்று பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

1906இல் இந்தக் கடலை 20 வருடக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனிக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. கமராக்களும் போய்விட்டன.

இந்த இடத்தில்தான் நாங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டோம். "இந்தப் படத்தில் நம்ம ஊர் எங்கே?"

முதலில் எல்லோரும் குடிசைகளைக் காட்டினார்கள். நல்லாப் பாருங்கள் என்றோம். தெருக்கள் கோடு போட்டது போல நேராக இருக்கின்றன. குடிசைகள் எல்லாம் ஒரே அளவு. வெறும் மணல். முருங்கை இல்லை, தென்னை இல்லை, கோழி இல்லை, கொடியில் காயும் துணி இல்லை. ஒரு மகள்தான் கண்டுபிடித்தாள். "சேர், இது ஊர் இல்ல, முகாம்." முகாமைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சரியாகச் சொன்னாள். அது சலாபத்துக்காக அரசாங்கம் கட்டிய தற்காலிகப் பட்டினம். நீதிமன்றம், மறியற்சாலை, ஆஸ்பத்திரி, தபால் கந்தோர் எல்லாம் உண்டு. மாசி, பங்குனியில் எழும்பும். தென்மேல் காற்று தொடங்கும் முன் கலைந்துவிடும். பிறகு அந்த இடத்தில் எஞ்சுவது சிப்பி ஓடுதான். அரிப்புக் கரையில் இன்றும் காலடியில் நொறுங்கும் சிப்பி மேடுகள் அந்த நாட்களின் மிச்சம்.

ஆக, உலகம் முழுக்கப் போன அந்தப் படத்தில் நம்ம ஊர் இல்லை. நம்மவர்கள் சிலர் இருந்திருக்கலாம், பெயர் இல்லாமல். ஆனால் சலாபம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அங்கேயே இருந்து, குளத்தடியில் வயல் செய்து, மாடு வளர்த்து, தொழுது, பிள்ளை பெற்று, மையவாடியில் அடங்கிய ஊரைக் கமரா எடுக்கவில்லை. கமரா கடலைப் பார்த்தது. ஊர் அதன் முதுகுப் பக்கம் இருந்தது.

அரிப்பில் கடலோரம் சரிந்து நிற்கும் கட்டடமும் இப்படித்தான். நாம் அல்லி ராணிக் கோட்டை என்கிறோம். ஆனால் அது அல்லி ராணி கட்டியது அல்ல. முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. கல்யாணப் படம் எடுக்க இன்று அங்கே போகிறவர்கள் பலர். எடுக்கும்போது கடலும் தெரியும்படி எடுங்கள். மண் அரிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு உங்கள் கல்யாணப் படமே பிற்காலத்தில் சாட்சியாகும்.

இன்னொரு விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நம்ம குழுக்களில் "சிலாவத்துறை முத்துக்குளிப்பு" என்று சுற்றும் படங்களில் சில நம்ம கடலே இல்லை. தோணியின் இரு பக்கமும் நீண்ட துடுப்புகள் வரிசையாக நீட்டியபடி நிற்க, அவற்றின் இடையில் சுழியோடிகள் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பஹ்ரைன், குவைத் பக்கத்துப் படம். தயவுசெய்து அவற்றை நம்ம ஊர் என்று போடாதீர்கள். பொய்யான ஒரு படத்தை நாம் காட்டினால், உண்மையான பத்துப் படத்தையும் மற்றவன் நம்ப மாட்டான். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கீழே வரும்.

சரி, நம்ம ஊரின் படம் ஏன் இல்லை?

காரணம் ஒன்று அல்ல. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த பெரிய ஸ்டூடியோக்காரர்கள், ஸ்கீன், பிளாத்தே போன்றவர்கள், தேயிலைத் தோட்டத்தையும் பெரஹராவையும் படம் பிடித்து வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். ரயில் போன இடத்துக்குப் படக்காரனும் போனான். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அதனால் அங்கே கப்பல், பாலம், ரயில் என்று படங்கள் உண்டு. முசலிப் பக்கம் தண்டவாளம் வரவில்லை. மோதரகம் ஆற்றைக் கடந்து புத்தளம் போகும் காட்டுப் பாதைதான்.

இரண்டாவது, நம்ம வீட்டுக்குள்ளேயே இருந்த தயக்கம். உருவப் படம் கூடுமா கூடாதா என்ற பேச்சு அன்று பலமாக இருந்தது. மௌலவிமார் சொன்னதைப் பெரியவர்கள் மதித்தார்கள். கல்யாண வீட்டில் படம் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் மட்டும் நிற்பார்கள். பெண் வீட்டுக்குள். பள்ளிவாசல் படமும் இல்லை, ஏனென்றால் அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் ஐந்து நேரம் போய் வரும் இடத்தை எதற்குப் படம் எடுப்பது? அது எங்கே போய்விடப் போகிறது என்றுதானே இருந்தார்கள்.

மூன்றாவது காரணம் உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும், சுமார் 75,000 பேர், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களின் கதையை வேறு பதிவில் எழுதியிருக்கிறோம். உடுதுணியும் கொஞ்சக் காசும் பிள்ளைகளுமாக வந்தவர்கள் சுவரில் தொங்கிய படத்தையா கழற்றுவார்கள்? இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சாவி இன்றும் இருக்கிறது. வீடுதான் இல்லை.

இவ்வளவையும் பேசிக்கொண்டிருந்தபோது, வெறுங்கையோடு வந்த அந்தப் பிள்ளை மறுநாள் ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய உம்மம்மாவின் பழைய தேசிய அடையாள அட்டை.

எங்களுக்கு அதுவரை அது படம் என்றே தோன்றவில்லை. யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் அடையாள அட்டை 1972இல் அறிமுகமானது. அதற்கு முன்பு வாழ்நாள் முழுக்கக் கமராவுக்கு முன்னால் நிற்காத ஆயிரக்கணக்கான நம்ம தாய்மார்களைச் சட்டம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தது. ஆண்களுக்காவது ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டு என்று ஒரு வழி இருந்தது. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளின் முதல் படமும் ஒரே படமும் இந்த அடையாள அட்டைப் படம்தான்.

எங்களில் ஒருவருடைய உம்மா அந்த நாளைப் பற்றிச் சொல்லும் கதை இது. நாலைந்து பெண்கள் சேர்ந்து, ஒரு காக்கா துணையோடு, பஸ் ஏறி மன்னாருக்குப் போனார்களாம். ஸ்டூடியோவில் பின்னால் மலையும் ஆறும் வரைந்த திரை. படக்காரர் காது தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். முக்காட்டை ஒதுக்க மனமில்லாமல் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் வயதில் மூத்த ராத்தா போய் ஸ்டூலில் உட்கார்ந்து, "எடு தம்பி, அரசாங்கம் கேட்குதாம்" என்றாராம். பிறகு மற்றவர்கள். அந்தப் படத்தில் உம்மா சிரிக்கவில்லை. கோபமாக இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று சொல்ல முடியாது. அவர் மவுத்தாகிவிட்டார். இருபத்தேழு வயதில் உம்மா எப்படி இருந்தார் என்பதற்கு அந்தப் பெருவிரல் அளவுப் படத்தைத் தவிர வேறு ஒன்றும் எங்களிடம் இல்லை.

பிள்ளை கொண்டு வந்த அட்டைக்கு வருவோம். அதை வகுப்பில் ஆளுக்கு ஆள் கொடுத்து வாசிக்க வைத்தோம். இலக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டு உம்மம்மாவின் பிறந்த நாளைக் கண்டுபிடிப்பதில் ஒரே சந்தோசம். பிறகு மறுபக்கம் திருப்பினார்கள். பெயர். பிறந்த இடம். விலாசம். கையால் எழுதியது, மை மங்கியிருந்தது. ஆனால் வாசிக்கலாம். மறிச்சுக்கட்டி.

வகுப்பு அமைதியாகிவிட்டது.

உலகம் பார்த்த பெரிய படத்தில் இல்லாத ஊர் இந்தச் சின்னப் படத்தின் முதுகில் இருக்கிறது. முகமும் பெயரும் ஊரும் திகதியும் ஒன்றாக, அரசாங்கத்தின் கையொப்பத்தோடு. முத்துக்குளிப்புப் படம் எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் "இங்கே இன்னார் குடியிருந்தார்" என்று சொல்லாது. இது சொல்கிறது.

இதை வெறும் உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு நாம் திரும்பி வரத் தொடங்கியபோது காணிகள் எப்படி இருந்தன? இருபது வருடம் ஆள் இல்லாத இடத்தில் காடு வளராமல் என்ன செய்யும்? வீரையும் பாலையும் எழும்பி, வீடு இருந்த இடம், கிணறு இருந்த இடம் எல்லாம் மூடியிருந்தன. 2012 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானியில் மறிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி, விலத்திக்குளம் பகுதிகளின் நிலங்கள் ஒதுக்கப்பட்ட காடாகப் பிரகடனமாயின. 2017 மார்ச்சில் மாவில்லு வனம் என்று இன்னொரு வர்த்தமானி. இதற்கிடையில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்ற சத்தம். வில்பத்து தேசிய பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. மறிச்சுக்கட்டி அந்த ஆற்றுக்கு வடக்கே. வரைபடம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கே விளங்கும் விசயம். ஆனால் கொழும்பில் இருக்கிறவருக்கு நம்ம வரைபடம் போய்ச் சேரவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த பச்சைப் படம்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாகக் காட்ட நம்மிடம் என்ன படம் இருந்தது?

இருந்தது. தேடினால் இருந்தது. அப்படித் தேடிக் கிடைத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறோம்.

அது ஒரு பாடசாலைக் குழுப் படம். வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்துவிட்டு மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியரின் குடும்பத்திடம் இருந்தது. அவர் 1990க்கு முன்பே போய்விட்டதால் படமும் தப்பிவிட்டது. கிடைத்ததும் திகதியைத் தேடினோம். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் முன்வரிசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் மடியில் அரசாங்கப் பாடநூல். இலவசப் பாடநூல் 1980இல் தொடங்கியது. ஆகவே படம் அதற்குப் பிந்தியது. 1990க்கு முந்தியது என்பதில் சந்தேகம் இல்லை. பத்து வருட இடைவெளிக்குள் வந்துவிட்டோம். பிறகு இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒருவர், இன்று பேரப்பிள்ளை கண்டவர், தன்னைக் கண்டுபிடித்து "நான் அப்ப ஏழாம் வகுப்பு" என்றார். அதோடு வருடமும் பிடிபட்டது.

ஆனால் எங்களுக்குப் பிள்ளைகளைவிட முக்கியமாகப் பட்டது பின்னணி. இடது பக்க மூலையில் காய்த்து நிற்கும் இரண்டு தென்னை. தென்னை ஒரு வருடத்தில் காய்ப்பதில்லை, ஆறேழு வருடமாவது வேண்டும். அதற்குப் பக்கத்தில் துலா போட்ட கிணறு. கட்டின் ஒரு பக்கம் உடைந்து, தகரம் வைத்து மறைத்திருக்கிறது. தற்காலிகமாக வந்து போகிறவன் துலாக் கிணறு வெட்டித் தென்னை வைக்க மாட்டான்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் இருவரோடு அந்த இடத்துக்குப் போனோம். தென்னை இல்லை. துலாவும் இல்லை. முள்ளுப் பற்றையைக் கத்தியால் விலக்கிக்கொண்டு போனால் கிணறு இருந்தது. கட்டின் ஒரு பக்கம் உடைந்தே இருந்தது. அதே பக்கம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் படம் அங்கே ஒரு ஊர் இருந்தது என்பதைக் காட்டும். எந்தக் காணி யாருக்குரியது, எல்லை எதுவரை என்று காட்டாது. அதற்கு உறுதியும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். படத்தில் ஒரு கிணறு தெரிகிறது என்பதற்காகக் கண்ணுக்கெட்டிய காடெல்லாம் நம்முடையது என்று நாம் பேசவும் கூடாது. அப்படிப் பேசிய சிலரால் உண்மையாகவே காணி இழந்த ஏழைகளின் வாய் அடைபட்டதையும் பார்த்தோம். காடும் நமக்கு வேண்டும். மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் வில்பத்து இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது, நம்ம பிள்ளைகள் உட்பட. நாங்கள் கேட்பது, ஊர் இருந்த இடத்தில் ஊர் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான்.

இப்போது அவசரமான விசயம்.

2017 முதல் புதிய இலத்திரனியல் அடையாள அட்டை வந்துகொண்டிருக்கிறது. பழையது தேய்ந்தவர்கள், பெயர் திருத்துகிறவர்கள் புதியதற்கு விண்ணப்பிக்கிறீர்கள். நல்லது. ஆனால் புதியதை எடுக்கும்போது பழையது கையை விட்டுப் போய்விடுகிறது. புதியதில் வரும் விலாசம் இன்றைய விலாசம். புத்தளத்தில் பதிந்தவருக்குப் புத்தளம். முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்திய முகமும், அதன் முதுகில் இருந்த "மறிச்சுக்கட்டி", "கொண்டச்சி", "சிலாவத்துறை" என்ற கையெழுத்தும் அந்தக் கவுண்டரோடு போய்விடும். யாரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை, நாமே கொடுத்துவிட்டு வருகிறோம்.

அதனால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். வெளிச்சத்தில் வைத்து, நேராக, மினுக்கம் விழாமல். மவுத்தானவர்களின் அட்டை பெட்டியில் இருந்தால் அதையும். பழைய கடவுச்சீட்டு, பாடசாலை விடுகைப் பத்திரம், கூப்பன் புத்தகம், எதுவானாலும் சரி. ஆனால் தயவுசெய்து அடையாள அட்டைப் படங்களை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். இலக்கத்தை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைக்கு நேரில் கொண்டு வாருங்கள், நாங்கள் பிரதி எடுத்துவிட்டு உங்கள் கையிலேயே தருவோம். பெண்களின் படங்களைக் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டோம். அது எங்கள் அமானிதம். பெண் பிள்ளைகளே அந்தப் பகுதியைப் பொறுப்பெடுத்திருக்கிறார்கள்.

குழுப் படம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பெரியவர்களிடம் கொண்டு போங்கள். யார் யார் என்று கேட்டுப் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறும். நாங்கள் கொண்டு போன பாடசாலைப் படத்தில் இருக்கும் முகங்களில் பாதிக்கு மேல் பெயர் கிடைத்துவிட்டது. மீதியைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு மாமா இருந்தார். அவரிடம் அடுத்த வெள்ளிக்கிழமை போவோம் என்று தள்ளிப் போட்டோம். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய ஜனாஸாவுக்குத்தான் போனோம்.

கடைசி வரிசையில் வலமிருந்து மூன்றாவதாக நிற்கும் பையன் மட்டும் கமராவைப் பார்க்காமல் கிணற்றுப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். காது கொஞ்சம் பெரிது, சட்டையின் மேல் பொத்தான் இல்லை. படத்தைப் பாடசாலைக் கந்தோரில் வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை ளுஹருக்குப் பிறகு திறந்திருக்கும். அவனை அடையாளம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.